வெங்கானூர் தந்த வீரர் அய்யன்காளி

தமிழகத்தின் தென்கோடியில் களியக்காவிளையைக் கடந்தவுடன் பாறசாலை வருகிறது. அதற்கப்பால் நெய்யாற்றின்கரை. தென்னையும் வாழையும் மரவள்ளியும் செழித்த சிற்றூர்கள். தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுத் திண்ணையில் கலந்து பேசப்படும் நிலம் அது. இன்று இரு மாநிலங்களைப் பிரிக்கும் எல்லை 1956 நவம்பர் 1இல் வகுக்கப்பட்டது. அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கேட்டும் நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அதற்கு முன் குமரிமுனை வரை எல்லாம் திருவிதாங்கூர் மன்னரின் ஒரே நாடு. எல்லாம் ஒரே கொடுமையின் கீழ்க் கிடந்த நாடு.

அந்த நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த வெங்கானூரில், 1863 ஆகஸ்டு 28இல், அய்யன் - மாலை என்னும் புலையர் குலத்து இணையருக்குப் பிறந்தவர் அய்யன்காளி. எழுத்தறியாத அவர் தம் மக்களுக்காகப் பள்ளி கேட்டார். வயலில் பிறந்த அவர் அரசவையில் அமர்ந்தார். அவருடைய வாழ்வை நம் மாணவ நண்பர்கள் அறிந்திருத்தல் வேண்டும். சாதிக் கொடுமை என்று நாம் ஒரே சொல்லால் சொல்லிவிடுவது உண்மையில் பல கொடுமைகளின் பின்னல் என்பதையும், அவற்றுள் ஒன்றைத் தொட்டால் மற்றவையெல்லாம் சீறி எழும் என்பதையும் அவர் வாழ்வு காட்டுவதுபோல் வேறொன்று காட்டுவது அரிது.

பல புரிகள், ஒரு கயிறு

அய்யன்காளி பிறப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1855இல், திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதுவரை புலையரையும் பறையரையும் நிலத்தோடு விற்கலாம், ஒற்றி வைக்கலாம், வாடகைக்கு விடலாம். சட்டம் மாறியது, வயல் மாறவில்லை. நேற்று வரை அடிமையாக இருந்தவனுக்கு இன்று சொந்த நிலம் ஏது? அதே நிலக்கிழாரின் வரப்பில் அதே குடிசை. அதே கூலி நெல். வயலை விட்டு வெளியேறலாம் என்றாலோ பொதுச் சாலையில் நடக்க அவனுக்கு உரிமையில்லை. சந்தைக்குச் செல்லவும் தடை. கற்றுக்கொண்டு வேறு தொழிலுக்குப் போகலாம் என்றால் பள்ளியின் கதவு சாத்தியிருந்தது. வழக்குமன்றம் சென்று முறையிடவோ, மன்றத்தின் படியேறினாலே தீட்டு.

இந்தத் தீட்டுக்கு அளவுகோலும் வைத்திருந்தார்கள். சாமுவேல் மேட்டீர் என்னும் ஆங்கிலப் பாதிரியார் அக்கால வழக்கத்தைக் கணக்கிட்டு எழுதியிருக்கிறார். ஈழவர் நம்பூதிரியிடமிருந்து 36 காலடி தொலைவில் நிற்க வேண்டும். புலையர் 96 காலடி. நாயரிடமிருந்து ஈழவர் 12 காலடி. புலையர் 66 காலடி. ஒடுக்கப்பட்டவருக்கும் கீழே ஒடுக்கப்பட்டவர். அவருக்கும் கீழே இன்னொருவர்! படிக்கட்டு இவ்வாறு அமைந்திருந்ததால், நடுப்படியில் நிற்பவன் மேற்படியானின் கொடுமையை எண்ணி வருந்துவதற்குப் பதில், தன் காலடியில் ஒருவன் இருக்கிறானே என்று ஆறுதல் கொண்டான்.

இதற்குச் சான்று தோள்சீலைப் போராட்டம். தென் திருவிதாங்கூரின் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக 1820களிலிருந்து போராடினர். சென்னை ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெல்யன் வரை செய்தி சென்று, 1859இல் மன்னரின் அறிக்கை வந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம். ஆயினும் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்றது அவ்வறிக்கை. புலையர் பெண்களுக்கோ அந்த வெற்றியில் பங்கே இல்லை. பெண் என்னும் இழிவு இருவருக்கும் பொது. ஆனால் சாதியின் படிக்கட்டு அவர்களைப் பிரித்து வைத்தது. புலையர் பெண் அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கழுத்தில் கல்மாலையைச் சுமந்தாள்.

சாதி, நிலம், கல்வி, வழி, உடை, பெண்மை: இவை தனித்தனிக் கயிறுகளாக இருந்திருந்தால் ஒவ்வொன்றாக அறுத்திருக்கலாம். ஒன்றோடொன்று முறுக்கிய புரிகளாக இருந்தன. அதுவே கொடுமையின் வலிமை.

சாலையில் உருண்ட வண்டி

இளமையில் அய்யன்காளி உடல் வலிமை மிக்கவர். ஒத்த இளைஞரைச் சேர்த்துக்கொண்டு தற்காப்புக் கலை பயின்றார். 1893இல் அவர் செய்த செயல் இன்றும் கேரளத்தில் கதையாகப் பேசப்படுகிறது. ஒரு வில்வண்டியும் இரண்டு வெள்ளைக் காளைகளும் வாங்கினார். வெள்ளை வேட்டி உடுத்து, மேல்துண்டு அணிந்து, தலைப்பாகை கட்டி, காளைகளின் கழுத்து மணி ஒலிக்கப் பொதுச் சாலையில் வண்டியை ஓட்டினார்.

இன்று இதில் என்ன வீரம் என்று கேட்கத் தோன்றும். எண்ணிப் பாருங்கள். புலையர் வண்டி வைத்திருத்தல் குற்றம். அச்சாலையில் போதல் குற்றம். தூய வெள்ளாடை உடுத்தல் குற்றம். தலைப்பாகை அணிதல் குற்றம். நான்கு தடைகளை ஒரே பயணத்தில் உடைத்தார் அவர். வழிமறித்தவர்களை அஞ்சாது எதிர்த்து நின்றார், வண்டி முன்னேறியது.

வண்டியில் ஒருவர் சென்றால் போதாது. எல்லாரும் காலால் நடக்க வேண்டும் என்பது அடுத்த நோக்கம். 1898இல் தோழர்களுடன் பாலராமபுரம் நோக்கி நடந்தார். கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர் அது. தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டுக் குடியேறிய நெசவாளர் வாழும் சாலியர் தெரு அங்கே உண்டு. அத்தெருவில் எதிரிகள் வழிமறித்தனர். கைகலப்பு மூண்டது, இருபுறமும் இரத்தம் சிந்திற்று. செய்தி பரவியதும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் புலையர் இளைஞர்கள் சாலையில் இறங்கினர். நடத்தல் என்பதே போராட்டமாகிவிட்ட காலம் அது!

வயல் வழியே பள்ளிக்கு

சாலை திறந்தால் அடுத்து எங்கே போவது? பள்ளிக்கு என்றார் அய்யன்காளி. 1904ஐ ஒட்டி வெங்கானூரில் தம் மக்களுக்கென்று ஒரு கீற்றுக் கொட்டகைப் பள்ளியைத் தொடங்கினார். அன்றிரவே அது தீக்கிரையாயிற்று. மீண்டும் கட்டினார்கள்.

1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். சங்கம் தன் மக்களுக்குக் கூட்டம் கூட்டியது. உறுப்பினரிடம் சிறு காசு திரட்டியது. வழக்குகளைத் தீர்க்கத் தனக்கென்று ஒரு மன்றமும் நடத்தியது. வாரம் ஏழு நாளும் உழைத்த மக்களுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று கேட்டது. இது சிறு கோரிக்கையாகத் தோன்றலாம். ஓய்வு நாள் இல்லாதவன் எந்த நாளில் கூட்டத்துக்குப் போவான்?

1910ஐ ஒட்டி, எல்லாச் சாதிக் குழந்தைகளையும் அரசுப் பள்ளிகளில் சேர்க்கலாம் என்று அரசு ஆணை பிறந்தது. ஆணை தாளில் இருந்தது. குழந்தைகள் தெருவில் நின்றனர். ஊரார் தடுத்தனர், ஆசிரியர் அஞ்சினர், அலுவலர் கண்டும் காணாமல் இருந்தனர். ஏன்? கற்ற பிள்ளை நாளை சேற்றில் இறங்குவானா என்ற அச்சமே பெரிது. தீட்டு என்பது வெளியில் சொன்ன காரணம். கூலியாள் கைவிட்டுப் போவான் என்பது உள்ளே இருந்த காரணம். இரண்டும் ஒன்றையொன்று தாங்கின.

அய்யன்காளி இதனைக் கண்டுகொண்டார். பள்ளியின் பூட்டுக்குத் திறவுகோல் வயலில் இருக்கிறது என்று உணர்ந்தார். எங்கள் குழந்தைகளுக்குப் பள்ளி இல்லையெனில் உங்கள் வயலுக்கு எங்கள் கை இல்லை என்று அறிவித்தார். கேரளத்தின் முதல் உழவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் என்று போற்றப்படுவது இதுவே. பள்ளியில் இடம், கூலி உயர்வு, அடி உதைக்கும் பொய் வழக்குக்கும் முடிவு, கடைகளில் சிரட்டையில் தேநீர் ஊற்றும் இழிவுக்கு முடிவு: இவையனைத்தையும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் வைத்தார். கூலி கேட்பவன் கூலியை மட்டும் கேட்க வேண்டும், மானம் கேட்பவன் மானத்தை மட்டும் கேட்க வேண்டும் என்று பிரித்துப் பேசும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை.

வயல்களில் களை மண்டியது. நிலக்கிழார்கள் தாமே சேற்றில் இறங்கிப் பார்த்தனர், இயலவில்லை. குடிசைகளில் பட்டினி நுழைந்தது. அப்போது அய்யன்காளி விழிஞம் கடற்கரை மீனவரிடம் சென்று உதவி கேட்டார். அவர்கள் தம் படகுகளில் புலையர்க்கும் வேலையும் பங்கும் தந்தனர். பள்ளு வயலைக் கடல் காத்தது! மாதங்கள் பல கடந்த பின் அரசு தலையிட்டது. மாஜிஸ்திரேட் ஒருவர் முன்னிலையில் உடன்பாடு ஏற்பட்டது. கூலி உயர்ந்தது, பள்ளி உரிமையும் ஒப்புக்கொள்ளப்பட்டது.

பஞ்சமி என்னும் சிறுமி

ஒப்புக்கொண்ட உரிமையைச் செயலில் காணும் நாள் வந்தது. நெய்யாற்றின்கரை வட்டத்து ஊரூட்டம்பலம் பள்ளிக்கு, அரசாணையைக் கையில் ஏந்தி, பூசாரி அய்யன் என்பவரின் மகள் பஞ்சமியை அழைத்துச் சென்றார் அய்யன்காளி. எதிர்ப்பை மீறிச் சிறுமி வகுப்பறையின் பலகையில் அமர்ந்தாள். தீட்டுப் பட்டதென்று பள்ளியையே கொளுத்தினர். கலவரம் சுற்றூர்களுக்கும் பரவியது, குடிசைகள் சூறையாடப்பட்டன. கொல்லம் ஆண்டு 1090இல், அதாவது 1914-15இல் நிகழ்ந்ததால் தொண்ணூறாம் ஆண்டுக் கலகம் என்று அதற்குப் பெயர் நிலைத்தது.

அவர் கைப்பிடித்து அழைத்துச் சென்றது ஒரு பெண் குழந்தையை என்பதை நாம் மறத்தல் ஆகாது. அன்று உயர்குலத்துப் பெண்களிலும் பள்ளி கண்டவர் சிலரே. ஒரு புலையர் சிறுமி பள்ளிப் பலகையில் அமர்ந்தபோது சாதியின் விதியும் பெண்ணுக்கு வகுத்த விதியும் ஒருங்கே உடைந்தன. எரிந்த பள்ளியில் எஞ்சிய பலகை ஒன்றை அங்கே இன்றும் நினைவுப் பொருளாகக் காத்து வருகிறார்கள். 2022இல் கேரள அரசு அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டியது. தலைவரின் பெயரோடு சிறுமியின் பெயரும் நிற்பது பொருத்தமே. தடுத்து நின்ற கூட்டத்தின் நடுவே நடந்த கால்கள் அவளுடையவை அல்லவா?

கல்மாலை கழன்ற நாள்

நெய்யாற்றின்கரைப் பகுதியில் மூண்ட கனல் வடக்கே கொல்லம் வரை பரவியது. புலையர் பெண்கள் இடுப்புக்கு மேல் ஆடை அணியக் கூடாது. கழுத்தில் கல்லும் கண்ணாடி மணியும் கோத்த மாலையைச் சாதி அடையாளமாக அணிய வேண்டும் என்பது வழக்கம். அதை அறுத்தெறிந்து மேலாடை உடுக்குமாறு அய்யன்காளி அழைத்தார். 1915 அக்டோபரில் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் இதற்கெனக் கூடிய கூட்டம் தாக்கப்பட்டது. குடிசைகள் எரிந்தன, மக்கள் உயிருக்கு அஞ்சி ஓடினர்.

அய்யன்காளி கொல்லம் சென்றார். அதே ஆண்டு டிசம்பரில் அந்நகரில் பெருங்கூட்டம் கூடியது. நாயர் குலத்துச் சீர்திருத்தவாதி சங்ஙனாச்சேரி பரமேசுவரன் பிள்ளை தலைமை தாங்கினார். தலைவர்கள் வேண்டிக்கொண்டபோது பெண்கள் எழுந்து வந்தனர். அந்த மேடையின் முன்பே தம் மாலைகளை அறுத்தெறிந்தனர். மணிகள் குவியலாய்க் குவிந்தன.

அந்த மகளிருள் பெரும்பாலோர் பெயரை வரலாறு எழுதி வைக்கவில்லை. நாற்று நட்டதும் கதிர் அறுத்ததும் அவர்கள் கைகளே. வேலைநிறுத்தக் காலத்தில் ஒழிந்த பானையைப் பார்த்துக் குழந்தையைத் தேற்றியவர்களும் அவர்களே. ஆண்கள் சாலைக்கும் பள்ளிக்கும் போராடிய நாட்களில் அந்தப் போராட்டத்தின் விலையை அடுப்படியில் செலுத்தியவர்கள் அவர்கள். கயிற்றின் எல்லாப் புரிகளும் ஒரே உடலில் முறுக்கிக் கிடந்தது புலையர் பெண்ணின் உடலில்தான்.

அரசவையில் ஒரு குரல்

1912இல் அய்யன்காளி திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் தம் மக்களின் உறுப்பினராக அமர்ந்து பேசினார். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அச்சபையில் இருந்தார். கோட்டும் தலைப்பாகையும் அணிந்து அவர் அங்கே எழுப்பிய கோரிக்கைகளைப் பாருங்கள்: புறம்போக்கு நிலத்தில் எம் மக்களுக்குப் பங்கு வேண்டும், பள்ளிக் கட்டணம் நீக்க வேண்டும், கற்றவருக்கு அரசு வேலை வேண்டும். சாலையில் தொடங்கிய வழக்கு நிலத்தில் வந்து நின்றது. காலூன்ற நிலம் இல்லாதவனுக்குக் கிடைத்த எந்த உரிமையும் நிலக்கிழாரின் ஒரு சொல்லில் பறிபோகும் என்பதை அவர் அனுபவத்தால் அறிந்திருந்தார்.

1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூரின் கோயில்கள் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன. அடுத்த ஆண்டு சனவரியில் காந்தியடிகள் வெங்கானூருக்கே வந்து அய்யன்காளியைச் சந்தித்தார். அப்போது அம்முதியவர் கேட்டது கோயிலை அன்று. தம் குலத்தில் பத்துப் பி.ஏ. பட்டதாரிகளைக் கண்ணால் கண்ட பிறகே தாம் இறக்க வேண்டும் என்ற ஆசையைத்தான் வெளியிட்டார். 1941 சூன் 18இல் அவர் மறைந்தார். 1980இல் திருவனந்தபுரம் வெள்ளையம்பலத்தில் அவர் சிலையைப் பிரதமர் இந்திரா காந்தி திறந்து வைத்தார்.

இன்னும் அறாத புரிகள்

சிலை எழுந்தது, கயிறு முற்றும் அறுந்ததா? நிலத்தை எடுத்துக்கொள்வோம். 1970இல் நடைமுறைக்கு வந்த கேரள நிலச் சீர்திருத்தம் குத்தகைதாரரை நிலத்துக்கு உடையவராக்கியது. ஆனால் புலையர் குத்தகைதாரராக இருக்கவே அன்று சாதி இடந்தரவில்லை, அவர்கள் கூலியாட்கள். ஆகவே அவர்களுக்குக் கிடைத்தது குடிசையைச் சுற்றிய மனை மட்டும். ஊராட்சிப் பகுதியில் அதிக அளவாகப் பத்து சென்ட். சட்டம் சாதியைக் கேட்கவில்லை. பழைய சாதி விதித்த தொழிலைக் கேட்டது. விளைவு ஒன்றே ஆயிற்று.

சமயத்தை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாறசாலையில் இலண்டன் மிஷன் ஊன்றியது. ஒடுக்கப்பட்ட மக்கள் பலர் அதில் எழுத்தும் ஆறுதலும் பெற்றனர். ஆயினும் சாதி, கோயில் வாயிலோடு நின்றுவிடவில்லை. திருவிதாங்கூரின் திருச்சபைகளுக்குள்ளும் நுழைந்தது. அதனை எதிர்த்தே பொய்கையில் யோகன்னான் சபைகளை விட்டு வெளியேறித் தனி இயக்கம் கண்டார். பின்னர், 1950இன் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் அளித்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவராகிய தலித்துகளோ, சாதியால் தாழ்த்தப்பட்டும், சமயத்தால் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றனர்.

இத்தகைய பின்னலைக் குறிக்க 1989இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா ஒரு புதுச்சொல்லைப் படைத்தார். பாதைகள் குறுக்கிடும் சந்தியில் நிற்பவர் பல திசை வண்டிகளாலும் அடிபடுவதுபோல் என்பது அதன் கருத்து. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கை அவர் சான்று காட்டினார். அந்நிறுவனம் கறுப்பின ஆண்களுக்கு ஆலையில் வேலை தந்தது. வெள்ளையினப் பெண்களுக்கு அலுவலகத்தில் வேலை தந்தது. ஆகவே நிறவெறியும் இல்லை, பெண் இழிவும் இல்லை என்று வாதிட இடமிருந்தது. நிறம், பெண்மை இரண்டையும் சேர்த்து ஒரே வழக்காக்க இயலாது என்றது 1976இன் தீர்ப்பு. இரண்டுக்கும் நடுவே கறுப்பினப் பெண் வீழ்ந்தாள். 1859இன் அறிக்கையில் வீழ்ந்த புலையர் பெண்ணின் உடன்பிறப்பு அவள்.

அந்தச் சொல் பிறப்பதற்கு எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, ஏட்டுக் கல்வி அறியாத ஒருவர் அதன் பொருளை வயல் வரப்பில் நின்று கண்டார். கண்டதைச் செய்தும் காட்டினார்.

மாணவ நண்பர்களே! அய்யன்காளி கேட்ட பட்டம் இன்று நம் கைகளில் வரப்போகிறது. நம் வகுப்பறையிலும் விடுதியிலும் பின்வரிசையில் பேசாது அமர்ந்திருக்கும் தோழரை, தோழியை நோக்குங்கள். அவர் பேசாமைக்கு மொழி ஒரு காரணமாக இருக்கலாம், வறுமை இன்னொன்று, சாதி மற்றொன்று, பெண்ணாய்ப் பிறந்தது வேறொன்று. ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு மற்றவற்றை விட்டுவிடுவோமானால் அவருக்கு நாம் செய்யும் உதவி 1859இன் அறிக்கையைப் போல் பாதியில் நின்றுவிடும். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்போம். பின்பு அவரோடு சேர்ந்து நடப்போம்.